காய்ச்சல் வருமுன்

1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் பம்பாய் நகரில் காவலர்கள் சிலர் கடுங்காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் உலகப்போர் இன்னும் முடிந்திராத காலம் அது. போர்முனையிலிருந்து திரும்பும் வீரர்களைச் சுமந்து கப்பல்கள் அந்நகரத் துறைமுகத்திற்கு வந்துகொண்டிருந்தன. சில வாரங்களில் நகரெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா காய்ச்சல், இரயில் பாதைகளின் வழியே நாடெங்கும் சென்றது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் எழுந்த இரண்டாம் அலை மிகக் கொடியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

வழக்கமாக இக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையுமே மிகுதியாக வருத்தும். ஆனால், 1918இல் 20 முதல் 40 வயதுவரை உள்ளோர் பெருமளவில் இறந்தனர். சம்பாதிப்பவரும் சமைப்பவரும் நீர் சுமந்து வருபவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால், பிழைக்கக்கூடிய நோயாளிக்கும் ஒரு குவளை கஞ்சி கொடுக்க வீட்டில் ஆள் இராது.

இன்று தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோரும் பிள்ளைகளும் மட்டுமே உள்ளனர். பாட்டியும் அத்தையும் மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருப்பர். தொற்று பரவும் காலத்தில் பாட்டியைத் துணைக்கு அழைப்பதும் தகாது. முதியோர்க்கு இந்நோய் மிகுந்த இடர் தருவது. எனவே, அரிசியும் மருந்தும் சேர்ப்பதற்கு முன்பே ஒரு வினாவிற்கு விடை காணவேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒருசேர நோயுற்றால் வீட்டைக் கவனிப்பவர் யார்?

பெரும்பாலும் அவர் அண்டை வீட்டாராகவே இருப்பார். அவர் பஞ்சாபியராகவோ வங்காளியராகவோ இருக்கலாம். அவருடன் முன்கூட்டியே பேசி, வீட்டின் மாற்றுச்சாவி ஒன்றைக் கொடுத்துவைப்பது நன்று. அவர் நோயுற்றால் உதவுவதாக இவ்வீட்டாரும் உறுதி கூறலாம். மருத்துவரின் தொலைபேசி எண், ஒவ்வொருவரும் நாள்தோறும் உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் உதவிக்கு வருபவரால் படிக்க இயலாது. ஆகவே, இந்தியிலோ ஆங்கிலத்திலோ உடன் எழுதவேண்டும். இச்சிறு செய்தியைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

இக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ், நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகளால் பரவுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஒருநாள் முன்பே பரவத் தொடங்கி, அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள்வரை தொடரும். நோயாளிக்குத் தனியறை தருவது சிறந்தது. ஒரே அறையுள்ள வீட்டில் என்ன செய்வது? சன்னலருகே படுக்கையை அமைத்து, பிறர் இயன்றவரை விலகி உறங்கலாம். நோயாளியும் அவரைப் பேணுபவரும் முகக்கவசம் அணியவேண்டும். பேணும் பொறுப்பை ஒருவரே ஏற்பது நல்லது. வடநாட்டுக் குளிரில் சன்னலை அடைத்தே வைப்பது வழக்கம். எனினும், வெயில் ஏறியபின் சிறிது நேரமேனும் அதைத் திறந்துவைக்கவேண்டும்.

இரண்டு வாரத்திற்கான அரிசி, பருப்பு, சோப்பு, வெப்பமானி, பாராசிட்டமால் ஆகியன வீட்டில் இருந்தால் போதும். கடையையே வாங்கிக் குவித்தால் அடுத்த வீட்டாருக்குக் கிடைக்காது. தாத்தாவின் நீரிழிவு மாத்திரை போன்ற அன்றாட மருந்துகள் தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை. காய்ச்சலுற்ற சிறுவர்க்கு ஆஸ்பிரின் கொடுத்தலாகாது. சுக்கும் மிளகும் இட்ட கசாயம் தொண்டைக்கு இதம் தரும், நோயைத் தீர்க்காது. உடலில் நீர் குறையாதிருக்க, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்து, சிறிது சிறிதாகப் பருகத் தரலாம்.

இந்த வைரஸ் அடிக்கடி உருமாறுவதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளவேண்டும். ஊசி பயன்தர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்; ஊரில் காய்ச்சல் பரவியபின் ஓடுவது காலங்கடந்த செயலாகிவிடும்.

பெரும்பாலோர் ஒரு வாரத்தில் நலம் பெறுவர். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதடு நீலம் பூத்தல், எழுப்பினும் விழிக்காத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தணிந்த காய்ச்சல் மீண்டும் கடுமையாகத் திரும்பினாலும் அவ்வாறே. நுரையீரலில் வேறொரு தொற்று சேர்ந்திருக்கக்கூடும். அவ்வேளையில் வீட்டில் விழித்திருப்பவர் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருக்கலாம். 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைத்து, தெருப்பெயர், கட்டட எண், மாடி, அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றை அவ்வூர் மொழியில் தடுமாறாமல் சொல்லப் பிள்ளைகள் இப்போதே பழகிக்கொள்ளவேண்டும்.