ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர் டீசல் இன்ஜின்: முரட்டு வண்டிக்கும் சிக்கல் வருமா? எங்கே, ஏன், எப்படித் தப்பிப்பது?

"டொயோட்டா டீசலா? கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க!"

பழைய எஸ்யூவி தேடிப் போகும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வார்த்தை இது. சேறு, மணல், மலைப்பாதை என எங்கே விட்டாலும் திரும்பி வரும் வண்டி என்று ஹைலக்ஸும் ஃபார்ச்சூனரும் பெயர் வாங்கியவை.

ஆனால் இதே வண்டிகளின் டீசல் இன்ஜினோடு இணைந்த ஒரு பாகத்துக்காக, ஆஸ்திரேலியாவில் 2.64 லட்சம் வண்டிகள் தொடர்பான வழக்கு அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றம் வரை போனது. இன்ஜின் உடைந்ததா? இல்லை. பிஸ்டன் போனதா? அதுவும் இல்லை. சிக்கல் இருந்தது புகை வெளியேறும் வழியில்!

நல்ல இன்ஜின் இருந்தும் வண்டி ஏன் மக்கர் செய்கிறது? பழைய வண்டி வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது?

ஹைலக்ஸ் முதலில் விற்பனைக்கு வந்தது 1968-ல். 2003-ல் பிரிட்டனின் 'டாப் கியர்' டிவி நிகழ்ச்சி ஒரு பழைய டீசல் ஹைலக்ஸை கடல் தண்ணீரில் மூழ்கவிட்டு, தீ வைத்து, இடிக்கப்பட்ட அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியிலும் நிறுத்திச் சோதித்தது. அத்தனைக்குப் பிறகும் வண்டி ஸ்டார்ட் ஆனது. 'உடைக்கவே முடியாத வண்டி' என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவ இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து டீசல் இன்ஜினில் எலக்ட்ரானிக்ஸ் மிகக் குறைவு. டீசல், காற்று, சூடு... அவ்வளவுதான். புகை எவ்வளவு கருப்பாக வந்தாலும் இன்ஜினுக்குக் கவலையில்லை. இன்றைய டீசல் இன்ஜின் அப்படி இல்லை.

2015-ல் வந்த புது இன்ஜின்

3.0 லிட்டர் டீசல் இன்ஜினுக்குப் பதிலாக 2015-ல் டொயோட்டா கொண்டுவந்தது 2.8 லிட்டர் டர்போ டீசல். இதன் குறியீட்டுப் பெயர் '1ஜிடி'. 4 சிலிண்டர், 2,755 சிசி. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்ததால், குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ என மூன்றிலும் இதே இன்ஜின்தான். இந்தியாவில் 2016 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை ஃபார்ச்சூனரில் இது இடம்பிடித்தது. 2021 ஜனவரியில் வந்த மாடலில், ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க் என சக்தி கூட்டப்பட்டது. 2022-ல் ஹைலக்ஸும் இதே இன்ஜினுடன் இந்தியாவுக்கு வந்தது.

இன்ஜின் பிளாக், கிராங்க், பிஸ்டன் ஆகியவற்றைப் பொறுத்தவரை இது உறுதியான இன்ஜின் என்றே பெயர் எடுத்திருக்கிறது. சிக்கல் ஆரம்பிப்பது அதற்கு வெளியே.

டி.பி.எஃப். என்றால் என்ன?

டீசல் எரியும்போது கரித்தூள் உருவாகும். நுரையீரலுக்குள் ஆழமாகப் போகக்கூடிய நுண்துகள் இது. அதைக் காற்றில் விடாமல் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் டி.பி.எஃப். சைலன்சருக்கு முன்னால் இருக்கும். உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சிறு குழாய்கள். புகை அந்தச் சுவர்களுக்குள் ஊடுருவி வெளியே போகும், கரி உள்ளேயே தங்கிவிடும்.

சரி, கரி நிறைந்துவிட்டால்?

எரித்துவிட வேண்டியதுதான். வடிகட்டியின் சூடு சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றப்படும். உள்ளே இருக்கும் கரி எரிந்துபோகும். இதற்கு 'ரீஜெனரேஷன்' என்று பெயர். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக இதைச் செய்துகொள்ளும். ஓட்டுபவருக்குத் தெரியக்கூட தெரியாது.

இந்தச் சூட்டை உண்டாக்க கூடுதல் டீசல் வேண்டும். பல கார்களில் அந்த டீசலை சிலிண்டருக்குள்ளேயே தாமதமாகத் தெளிப்பார்கள். டொயோட்டாவின் இந்த இன்ஜினில், புகைக் குழாயிலேயே தனியாக ஐந்தாவது இன்ஜெக்டர் இருக்கிறது. அங்கே தெளிக்கப்படும் டீசல், டி.பி.எஃப்.-க்கு முன்னால் உள்ள வினையூக்கியில் பட்டு எரிந்து சூட்டைக் கிளப்பும்.

ஆஸ்திரேலியாவில் என்ன ஆச்சு?

இந்தச் சுத்தம் செய்யும் வேலைதான் அங்கே ஒழுங்காக நடக்கவில்லை. வழக்கமாக 'டி.பி.எஃப். அடைச்சுக்குதா? ஹைவேயில் கொஞ்ச தூரம் ஓட்டுங்க, சரியாகிடும்' என்பார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததோ நேர்மாறு. சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து, அடிக்கடி ஓட்டிய வண்டிகளில்தான் சிக்கல் வெளியே வந்தது!

வினையூக்கியில் படிவுகள் சேர்ந்தன. தெளிக்கப்பட்ட டீசல் முழுதாக எரியவில்லை. விளைவு: பின்னால் வருபவருக்கு ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை, கெட்ட வாடை, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு, திரும்பத் திரும்ப சர்வீஸ் சென்டர் படியேறும் நிலை. ஊருக்கு ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நேர்கோட்டில் ஓட்டும் நாட்டில், இது சாதாரண ஓட்டம்தானே?

2018-ல், ஓட்டுபவரே ரீஜெனரேஷனைத் தொடங்கி வைக்க ஒரு சுவிட்ச் சேர்க்கப்பட்டது. முழுமையான தீர்வு வந்தது 2020-ல்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2015 அக்டோபர் 1 முதல் 2020 ஏப்ரல் 23 வரை விற்கப்பட்ட 2,64,170 ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகள் தொடர்பாக 2019-ல் கூட்டு வழக்கு தொடரப்பட்டது. 2022 ஏப்ரலில் ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம், டி.பி.எஃப். அமைப்பின் வடிவமைப்பிலேயே குறை இருந்தது என்று தீர்ப்பளித்தது. நுகர்வோர் சட்டம் கேட்கும் 'ஏற்கத்தக்க தரம்' அந்த வண்டிகளில் இல்லை என்றது. இந்தக் குறையால் வண்டியின் மதிப்பு 17.5 சதவீதம் குறைந்தது என்றும் கணக்கிட்டது.

அதாவது ஒருவர் 50,000 டாலருக்கு வண்டி வாங்கியிருந்தால், 8,750 டாலர் மதிப்பு போச்சு என்று அர்த்தம்.

இதில் கவனிக்க வேண்டியது: புகை கக்கிய வண்டிக்கு மட்டும் இது பொருந்தும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. குறை எல்லா வண்டியிலும் இருக்கிறது, சில வண்டிகளில் அது இன்னும் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான் என்பதே அதன் பார்வை.

2023 மார்ச்சில் மேல்முறையீட்டு அமர்வு, 2020-ல் கிடைத்த தீர்வையும் கணக்கில் எடுத்து அந்த 17.5 சதவீதத்தை 10 சதவீதமாகக் குறைத்தது. இரு தரப்பும் விடவில்லை. 2024 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் உச்சபட்ச நீதிமன்றம், மதிப்புக் குறைவை மீண்டும் கணக்கிடும்படி வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது.

இந்திய வண்டிகளுக்கு இது பொருந்துமா?

இந்தத் தீர்ப்பு ஆஸ்திரேலியாவில் விற்ற வண்டிகளைப் பற்றியது. இந்திய வண்டிகளைப் பற்றியது அல்ல. ஆனால் டி.பி.எஃப். என்ற பாகம் இங்கேயும் வந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி அமலானதும், எந்த நிறுவனத்தின் டீசல் காராக இருந்தாலும் டி.பி.எஃப். இருந்தே ஆக வேண்டிய நிலை வந்தது.

இங்கே சிக்கல் வேறு மாதிரி. வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என தினம் 4 அல்லது 5 கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் புகைக் குழாய் சூடாகவே ஆகாது. ரீஜெனரேஷன் தொடங்கும், முடிவதற்குள் வண்டி ஆஃப் ஆகிவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும். முதல் கியரில் பாறை மேல் ஊர்ந்து போகும் ஆஃப்ரோடு ஓட்டமும் அப்படித்தான். 'முரட்டு வண்டி'யை மெதுவாகவே ஓட்டுவதும் அதற்கு ஒரு கஷ்டம்தான்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் 'பார்த்துக்கலாம்' என்று விடக்கூடாது. வண்டியின் கையேடு சொல்லும் வேகத்தில் 20 நிமிடம் போல நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொண்டு 'லிம்ப் மோட்'டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் வைத்துத்தான் எரிக்க முடியும். அதுவும் முடியாவிட்டால் புது டி.பி.எஃப். மாற்ற வேண்டும். அது பெரிய செலவு.

இன்னொரு விஷயம், கரி எரியும், ஆனால் சாம்பல் எரியாது. இன்ஜின் ஆயிலில் உள்ள ரசாயனங்களிலிருந்து வரும் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். அதனால்தான் டி.பி.எஃப். வண்டிக்கு சாம்பல் குறைவான ஆயிலை நிறுவனம் குறிப்பிட்டுச் சொல்கிறது. விலை குறைவு என்று வேறு ஆயில் ஊற்றினால், அங்கே மிச்சம் பிடித்த காசு இங்கே போய்விடும்.

மற்ற சிக்கல்கள் என்னென்ன?

*தூசி:* இந்த 2.8 லிட்டர் இன்ஜினில் ஆரம்ப கால வண்டிகளில், நுண்ணிய மண்தூசி ஏர் ஃபில்டரைத் தாண்டிப் போய் காற்றின் அளவை அளக்கும் சென்சாரில் படிந்தது. சென்சார் தப்பாகச் சொன்னால் இன்ஜின் சக்தி குறையும். மண் ரோட்டில் ஓட்டுபவர்கள் சர்வீஸ் வரும்வரை காத்திருக்காமல் ஃபில்டரைப் பார்ப்பது நல்லது.

*இன்ஜெக்டர் வாஷர்:* இது பழைய 3.0 லிட்டர் இன்ஜினின் பிரச்சனை. இந்தியாவில் 2009-ல் வந்த முதல் ஃபார்ச்சூனரில் இருப்பது இந்த இன்ஜின்தான். இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு ஆயிலோடு கலந்து ஆயிலைக் கெட்டியாக்கும். அது ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஆயில் பிரஷர் இறங்கினால் இன்ஜினே போய்விடும். ஒரு சின்ன வாஷர், இன்ஜினையே காலி செய்யும் கதை இது.

*இ.ஜி.ஆர். கரி:* புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு இது. அந்தக் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து காற்று போகும் வழியில் தார் போல ஒட்டும். பிக்கப் குறைந்தால் மெக்கானிக் முதலில் பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

*தண்ணீர்:* ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் போகலாம் என்று நிறுவனம் சொல்கிறது. அதற்கு மேல் போய் ஏர் ஃபில்டர் வழியாக தண்ணீர் உள்ளே போனால், கதை முடிந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துப் போவதுதான் ஒரே வழி.

பழைய வண்டி வாங்கப் போறீங்களா? இதைப் பாருங்க

* இன்ஜின் ஆறியிருக்கும்போது, காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் உஷார்!
* டி.பி.எஃப். உள்ள வண்டியில் புகைக் குழாயின் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். கிட்டத்தட்ட சுத்தமாக இருக்க வேண்டும். விரலில் கரி அப்பினால் டி.பி.எஃப். உடைந்திருக்கலாம், அல்லது கழற்றி எறியப்பட்டிருக்கலாம்.
* ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி இருக்கிறதா? சிலிண்டருக்குள் கூடுதல் டீசல் தெளிக்கும் கார்களில், பாதியில் நின்ற ரீஜெனரேஷனால் டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம்.
* ஸ்கேனர் வைத்து கரி அளவையும், கடைசியாக எப்போது ரீஜெனரேஷன் நடந்தது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* சர்வீஸ் பில்களில் ஆயில் வகையையும், ஃபில்டர் மாற்றிய தேதிகளையும் பாருங்கள்.

'டி.பி.எஃப்.-ஐ கழற்றிட்டா தொல்லையே இல்ல' என்று சிலர் சொல்வார்கள். நிறுவனம் கொடுத்த அமைப்பை இப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தக் கரியைச் சுவாசிக்கப் போவது பின்னால் பைக்கில் வருபவர்தான்.

ரீஜெனரேஷன் நடக்கும்போது காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. அடியில் இருக்கும் சூடு தீப்பிடிக்க வைக்கப் போதும்.

யாருக்கு எந்த இன்ஜின்?

வாரத்தில் சில நாளாவது நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு டீசல் சரியான தேர்வு. ஊருக்குள் மட்டும் ஓட்டுவீர்கள் என்றால், டி.பி.எஃப். தொல்லை இல்லாத பெட்ரோல் வண்டியை யோசிப்பதே நல்லது. இந்தியாவில் ஃபார்ச்சூனரே 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜினிலும் வருகிறது.

'எந்த இன்ஜின் உழைக்கும்?' என்பது பாதிக் கேள்விதான். 'நான் தினமும் எப்படி ஓட்டப் போகிறேன்?' என்பது மீதிப் பாதி. ஆஸ்திரேலியாவில் வண்டி வாங்கியவர்கள் தப்பாக ஓட்டவில்லை. தங்கள் ஊர் ரோட்டில் வழக்கம்போலத்தான் ஓட்டினார்கள். அந்த ஓட்டத்துக்கு வண்டி தயாராக இல்லை. வண்டியின் பெயரை மட்டும் பார்த்து கையெழுத்துப் போடும் முன், உங்கள் ரோட்டையும் ஒருமுறை கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.