மீன் காட்டும் கருவி... படகில் எங்கே மாட்டணும்?

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையைக் கடக்கும்போது தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பார்த்திருப்பீர்கள். கடலடியை ஒலியால் ஆராய்வதும் அங்கே ஒரு வேலை. சின்னப் படகில் மாட்டும் ஃபிஷ் ஃபைண்டரும் அதே வித்தைதான்.

கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். 15 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப, விநாடியில் 50-ல் ஒரு பங்கு போதும். ஆனால், குறுக்கே காற்றுக்குமிழிகள் வந்தால் திரை குழம்பிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சென்ஸாரைப் படகின் பின்பக்கம், இன்ஜின் விசிறி கிளப்பும் நுரையிலிருந்து தள்ளி, எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும்படி மாட்ட வேண்டும்.

இன்னொன்று... திரை காட்டுவது சென்ஸாருக்குக் கீழே உள்ள ஆழம். விசிறி அதைவிட ஓரடி தாழ்ந்திருந்தால், அந்த ஓரடியைக் கழித்துக்கொள்ளுங்கள். முட்டுக்காடு மாதிரி ஆழம் குறைந்த கழிமுகத்தில் விசிறி மண்ணில் சிக்குவது அந்த ஓரடியில்தான்!