முகம் மாறினால் கணக்கு மாறுமா?

பெரிய முதலியார்சாவடியில் என் வீட்டுக்கு ஒரு பழைய சி.பி.யூ. வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் எங்கள் தெருவில் பிறந்து, மரக்காணம் பக்கம் வாழ்க்கைப்பட்ட ஒரு அக்கா. அங்கே உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களின் சுயஉதவிக் குழுவுக்கு அவர்தான் கணக்கு எழுதுகிறார். மழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் குழுவில் கடன் வாங்கித்தான் பல வீடுகளில் அடுப்பு எரியும். யார் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு கட்டினார் என்ற 3 வருடக் கணக்கும் அந்தக் கம்ப்யூட்டரில், லிப்ரெஆபீஸ் கால்க் பைலாக இருந்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திவிட்டது. அக்காவின் கம்ப்யூட்டரில் உள்ள பிராசசர் விண்டோஸ் 11-க்குப் போதாது. புதியது வாங்கப் பணம் இல்லை. எனவே லினக்ஸ் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். பைல்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு லினக்ஸ் இன்ஸ்டால் செய்தேன். செல்போன் டேட்டாவில் டவுன்லோட் செய்ததால் சிக்கனமாக கால்க் புரோகிராமை மட்டும் இறக்கிப் போட்டேன். இந்தச் சிக்கனம்தான் வினையாயிற்று.

ஒரு வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன். "தம்பி, நீ போட்டது என் புரோகிராமே இல்லை. எல்லாம் சாம்பல் கலராக இருக்கு. பைலைத் திறக்கப் போனா வேற பெட்டி வருது, என் கணக்கைக் காணோம். புதுசா எழுதிக்கிட்டு இருக்கேன்." பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போய்ச் சேர்ந்தேன். அக்கா நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து முதல் 2 பக்கங்களைப் புதிய பைலில் அடித்து முடித்து, அதைப் பழைய பெயரிலேயே சேவ் செய்யப் போய்க்கொண்டிருந்தார். எப்படியோ சரியான போல்டருக்கும் வந்துவிட்டார். "இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கிறது, அதன் மேல் எழுதவா?" என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் விரல் என்டர் கீயின் மேல். கையைப் பிடித்துக்கொண்டேன். என் பென் டிரைவில் ஒரு காப்பி இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வாரத்து வசூல் அதில் இல்லை.

நடந்தது என்ன? புரோகிராம் அதேதான், பைலும் அதேதான். மாறியது இரண்டுக்கும் முன்னால் நிற்கும் முகம் மட்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இப்படிப் பயப்படுவது உண்டு என்பதால், இந்த முகம் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம்.

பட்டன் எங்கிருந்து வருகிறது?

ஒரு புரோகிராமில் நீங்கள் பார்க்கும் பட்டன், மெனு, டிக் செய்யும் கட்டம், நகர்த்தும் பட்டை எல்லாவற்றையும் அதை எழுதியவரே வரைந்திருப்பார் என்று நினைக்காதீர்கள். இவை ரெடிமேடாகக் கிடைக்கின்றன. இந்த ரெடிமேட் தொகுப்புக்கு யூசர் இன்டர்பேஸ் லைப்ரரி என்று பெயர். விண்டோஸில் ஒன்று, ஆப்பிள் மேக்கில் ஒன்று என்று சிஸ்டத்துடனேயே வருகின்றன. லினக்ஸில்தான் கொஞ்சம் கூட்டம். அங்கே பெரியவை இரண்டு.

முதலாவது க்யூட்டி. அழகு என்று பொருள்படும் 'க்யூட்' போல உச்சரிக்க வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் விருப்பம். ஊரில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நார்வே நாட்டின் ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் இருவரும் தொடங்கிய ட்ரோல்டெக் நிறுவனம் 1995-ல் இதை வெளியிட்டது. கே.டி.ஈ. டெஸ்க்டாப் இதன்மேல் நிற்கிறது. இரண்டாவது ஜி.டி.கே. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மாட்டிஸும், தங்கள் படம் திருத்தும் புரோகிராமான கிம்ப்புக்காக எழுதிக்கொண்டது. பின்னர் க்னோம் டெஸ்க்டாப் இதை எடுத்துக்கொண்டது.

இங்கே ஒரு சிக்கல். ஒவ்வொரு லைப்ரரிக்கும் பாஷை வேறு. ஜி.டி.கே.யிடம் பட்டன் கேட்கும் விதத்தில் க்யூட்டியிடம் கேட்டால் கிடைக்காது. அப்படியானால் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும் லிப்ரெஆபீஸ் என்ன செய்கிறது? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினால் ஆயுள் போதாது.

நடுவில் ஒரு மேஸ்திரி

உப்பளத்தில் லாரி வந்து நின்றதும் முதலாளி ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு வேலை சொல்வதில்லை. மேஸ்திரியிடம் "50 மூட்டை ஏத்து" என்பார். எந்த ஆட்கள், யாரிடம் எப்படிச் சொன்னால் வேலை நடக்கும் என்பதெல்லாம் மேஸ்திரிக்குத்தான் தெரியும். அடுத்த சீசனில் வேறு ஆட்கள் வந்தாலும் முதலாளி சொல்வது அதே 50 மூட்டைதான்.

லிப்ரெஆபீஸுக்குள் இருக்கும் இந்த மேஸ்திரிக்கு வி.சி.எல். என்று பெயர், அதாவது விஷுவல் கிளாஸ் லைப்ரரி. கால்க் புரோகிராம் ஜி.டி.கே.யிடமோ க்யூட்டியிடமோ நேராகப் பேசாது. வி.சி.எல்.லிடம் "ஒரு பட்டன் வேண்டும், மேலே 'சேவ்' என்று எழுது" என்று சொல்லும். எந்த டெஸ்க்டாப்பில் இருக்கிறோம் என்று பார்த்து, உரிய லைப்ரரியின் பாஷையில் அதைக் கேட்டு வாங்குவது வி.சி.எல்.லின் வேலை. ஒவ்வொரு லைப்ரரிக்கும் ஒரு சிறிய பிளக்-இன் உண்டு. கம்ப்யூட்டர்காரர்கள் இப்படி நடுவில் நிற்பதை அப்ஸ்ட்ராக்‌ஷன் லேயர் என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், மேஸ்திரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மேஸ்திரி பழைய ஆள். ஜெர்மனியில் மார்கோ போரிஸ் 1985-ல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனம், தன் ஆபீஸ் தொகுப்பு பல சிஸ்டங்களில் ஓட வேண்டும் என்பதற்காக ஸ்டார்வியூ என்ற லைப்ரரியை எழுதியது. அதன் வாரிசுதான் வி.சி.எல். சன் நிறுவனம் 1999-ல் ஸ்டார் டிவிஷனை வாங்கி, 2000-ல் மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதுவே ஓபன்ஆபீஸ். 2005-ல் மத்திய அரசு இலவசமாகக் கொடுத்த தமிழ் சி.டி. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். அதில் தமிழ் மெனுவோடு வந்த பாரதீய ஓபன்ஆபீஸின் உள்ளேயும் இதே மேஸ்திரிதான். 2010-ல் ஓபன்ஆபீஸிலிருந்து லிப்ரெஆபீஸ் பிரிந்தபோது இவரும் கூடவே வந்தார்.

நடுவில் ஆள் இருந்தால் என்ன லாபம்? ஜி.டி.கே.யின் 2-ம் பதிப்பு 2002-ல் வந்தது, 3-ம் பதிப்பு 2011-ல், 4-ம் பதிப்பு 2020-ல். ஒவ்வொரு முறையும் நிறைய விஷயங்கள் மாறின. லைப்ரரியிடம் நேராகப் பேசும் புரோகிராமில் அந்தந்த இடங்களையெல்லாம் திருத்த வேண்டும். ஜி.டி.கே. எதற்காகப் பிறந்ததோ அந்த கிம்ப்பே 3-ம் பதிப்புக்கு மாறி வெளிவந்தது 2025 மார்ச்சில்தான்! இடையில் 14 ஆண்டுகள். (கிம்ப் குழுவினர் சிலரே, வேறு பெரிய மராமத்தும் கூடவே நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) லிப்ரெஆபீஸ் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாறிவிட்டது. புதிதாக எழுத வேண்டியிருந்தது பெரும்பாலும் பிளக்-இன்னை மட்டும். கால்க்கில் கூட்டல் போடும் பகுதிக்கு இப்படி ஒரு மாற்றம் நடந்ததே தெரியாது.

மேஸ்திரி சும்மா வருவாரா? கமிஷன் உண்டு. ஒவ்வொரு வேலையும் ஒரு கை மாறிப் போவதால் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதை நாம் உணரக்கூட மாட்டோம். இன்னொரு நஷ்டம்தான் பெரியது. எல்லா லைப்ரரிக்கும் தெரிந்த வேலையை மட்டுமே மேஸ்திரியால் வாக்குக் கொடுக்க முடியும். ஒரு லைப்ரரியில் மட்டும் அழகான வசதி இருந்தால், அதை விட வேண்டும், அல்லது மற்ற இடங்களில் தானே செய்து காட்ட வேண்டும்.

வி.சி.எல். நெடுங்காலம் இரண்டாவது வழியில்தான் போனது. லினக்ஸில் பட்டனை அதுவே வைத்திருக்கும், மேலே ஜி.டி.கே.யின் சாயத்தை மட்டும் பூசிக்கொள்ளும். பார்க்க அசல் போல இருக்கும், ஆனால் அசல் அல்ல. 2018 வாக்கில் தொடங்கி, டயலாக் பாக்ஸ்களில் உண்மையான ஜி.டி.கே. பட்டன்களையே பொருத்தும் வேலை நடந்தது. இதற்கு 'வெல்ட்' என்று பெயர், நம்மூர்ப் பட்டறையில் செய்யும் அதே வெல்டிங்தான். இதில் முன்நின்றவர் கேயலன் மெக்நமாரா.

அக்காவின் கம்ப்யூட்டருக்கு வருவோம்

நான் சிக்கனம் பார்த்து கால்க்கை மட்டும் போட்டேன் அல்லவா? ஜி.டி.கே. பிளக்-இன் தனித் தொகுப்பு. அது வரவில்லை. பிளக்-இன் இல்லாவிட்டால் வி.சி.எல். வேலை நிறுத்தம் செய்யாது. லினக்ஸின் பழைய எக்ஸ்11 முறையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தானே வரையும். அதுதான் அந்தச் சாம்பல் நிறம். பைலைத் திறக்கும் பெட்டியும் அப்போது லிப்ரெஆபீஸின் சொந்தப் பெட்டியாகிவிடும். அக்காவின் பைல் டாகுமென்ட்ஸ் போல்டரில் இருந்தது, பெட்டியோ வேறு இடத்தைத் திறந்து காட்டியது. கணக்கைக் காணோம் என்று தோன்றியதில் தப்பில்லை.

உங்களிடம் எந்த பிளக்-இன் ஓடுகிறது என்று நீங்களே பார்க்கலாம். ஹெல்ப் மெனுவில் கடைசியாக உள்ள 'அபவுட் லிப்ரெஆபீஸ்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். வெர்ஷன் விவரங்களுக்கு நடுவே 'வி.சி.எல்.' என்று ஒரு வரி வரும். விண்டோஸ் என்றால் பக்கத்தில் 'வின்' என்று இருக்கும். லினக்ஸில் ஜி.டி.கே.3 அல்லது கே.எப்.5, கே.எப்.6 என்று இருந்தால் சரி. எக்ஸ்11 என்று இருந்தால் உங்களுக்கும் அக்காவின் நிலைதான். லினக்ஸின் சாப்ட்வேர் நிறுவும் புரோகிராமைத் திறந்து, தேடும் கட்டத்தில் லிப்ரெஆபீஸ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் பட்டியலில் பெயரின் முடிவில் ஜி.டி.கே.3 என்று இருப்பதை (கே.டி.ஈ. டெஸ்க்டாப்பாக இருந்தால் கே.எப். என்று இருப்பதை) டிக் செய்து நிறுவுங்கள். கால்க்கை மூடிவிட்டு மறுபடி திறந்தால் போதும்.

அதைச் செய்யும்போது அக்கா கேட்டார்: "இப்ப மறுபடி மாத்தினா கணக்குக்கு ஒண்ணும் ஆகாதே?" ஆகாது. நீங்கள் சேவ் செய்யும் ஓ.டி.எஸ். பைல், உண்மையில் ஒரு ஜிப் கட்டு. அதற்குள் எண்கள், பார்முலாக்கள், எழுத்தின் அளவு, கலர் ஆகியவை இருக்கும். சேவ் பட்டன் சாம்பலா நீலமா என்று ஒரு வரியும் அதில் இருக்காது. பட்டன் மேஸ்திரியின் கணக்கு, கடன் தொகை பைலின் கணக்கு.

தமிழ் எழுத்துக்கு மட்டும் வேறு நியாயம்

பட்டன் ஊருக்கு ஊர் மாறலாம், எழுத்து மாறலாமா? 'கொ' என்று அடிக்கும்போது கம்ப்யூட்டர் முதலில் 'க' என்ற எழுத்தையும் பிறகு ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒற்றைக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையை முன்பு லிப்ரெஆபீஸ் ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒவ்வொருவரிடம் விட்டிருந்தது. விண்டோஸில் யூனிஸ்கிரைப், மேக்கில் கோர்டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ப்பஸ். அதனால் ஒரே கடிதத்தின் வரிகள் ஒரு கம்ப்யூட்டரில் ஓரிடத்திலும் இன்னொன்றில் வேறிடத்திலும் உடையலாம். 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாச் சிஸ்டத்திலும் ஹார்ப்பஸ் ஒன்றுதான். பட்டனை உள்ளூர் ஆட்களிடம் விட்டவர்கள், எழுத்தை மட்டும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. இருந்தாலும் இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே தமிழ் பான்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் ஹார்ப்பஸும் ஒன்றும் செய்ய முடியாது.

பிளக்-இன் இறங்கி முடிந்ததும் கால்க்கைத் திறந்தேன். அக்கா பட்டன்களைப் பார்த்தார், பைல் பெட்டியைத் திறந்தார், டாகுமென்ட்ஸில் தன் பைலைக் கண்டுபிடித்தார். நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அந்த வாரத்து வசூலைக் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் எனக்கு டீ போட எழுந்தார். அவர் உள்ளே போன நேரத்தில் பைலை என் பென் டிரைவில் ஒரு காப்பி, அவருடைய பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். மெனுவைத் தமிழில் மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். அதற்கான தமிழ்த் தொகுப்பும் தனியாக இறக்க வேண்டியதுதான். இந்த முறை டேட்டாவைப் பார்க்கப் போவதில்லை.