சறுக்குவது சுலபம், கிளம்புவதுதான் கஷ்டம்

1950களில் சுவிட்சர்லாந்தின் எங்கல்பெர்க் மலைக் கிராமத்துக்குக் குடும்பத்தோடு ஸ்கீ பழகப் போக ஒரு கடிதம் போதும். எந்த வாரம், எத்தனை பேர் என்று விடுதிக்காரருக்கு எழுதிவிட்டால் அறையும் உறுதி, காலை இரவுச் சாப்பாடும் உறுதி. பனி இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. ஜனவரியில், ஆயிரம் மீட்டர் உயரத்தில், பனி எங்கே போய்விடும்? எந்தச் சரிவு என்ற கேள்வியும் எழவில்லை. 1120இல் நிறுவப்பட்ட பெனடிக்டின் மடத்துக்குப் பின்னால் ஒரு புல்வெளி மெல்லச் சாய்ந்து கிடக்கும். பழகுபவர்களுக்கு அது போதும். போகிற வழி மட்டும் கொஞ்சம் சுற்று. 1964 வரை லூசர்னிலிருந்து நேர் ரயில் கிடையாது. ஏரியைப் படகில் கடந்து ஸ்டான்ஸ்ஸ்டாடில் மலை ரயில் ஏற வேண்டும். திட்டமிடல் அத்தோடு முடிந்தது. பாடு முழுவதும் சரிவில்தான்.

அந்தப் பாட்டை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பதே சிரமம். மரத்தில் செய்த ஸ்கீப் பலகை. அளவு பார்க்கும் விதம் இதுதான்: கையைத் தலைக்கு மேல் தூக்கு, பலகையின் நுனி மணிக்கட்டைத் தொட வேண்டும். ஐந்தரை அடி மனிதனுக்கு இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான பலகை வாய்க்கும். அதைக் காலில் கட்டிக்கொண்டு திரும்பு என்றால் எங்கே திரும்புவது? தோல் சப்பாத்து, கயிறு கட்டி இறுக்குவது. மதியத்துக்குள் நனைந்து ஊறிவிடும். குதிகாலை இரும்புக் கம்பியால் பலகையோடு பிணைத்திருப்பார்கள். விழுந்தால் கால் கழன்று வராது. பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் மறுபக்கம் திரும்பும், நடுவில் இருக்கும் எலும்பு முறியும். ஸ்கீ ஊர்களில் மாவுக்கட்டுக் காலோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வழக்கமான காட்சி.

சறுக்குவதற்கு முன் ஏற வேண்டும் அல்லவா? லிஃப்ட் இல்லாத இடத்தில் பலகையைப் பக்கவாட்டில் வைத்து வைத்து, நண்டு போல ஏறுவார்கள். அரை மணி ஏற்றத்துக்கு அரை நிமிட இறக்கம். 1934இல் டாவோஸின் போல்கன் சரிவில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர் இழுவை லிஃப்டை ஓடவிட்டார். பிறகு ஊருக்கு ஊர் அது வந்தது. தலைகீழ் டி எழுத்துப் போன்ற ஒரு கட்டை இரண்டு பேரின் தொடைக்குப் பின்னால் வந்து முட்டும். அது தள்ளத் தள்ள நின்றபடியே மேலே போக வேண்டும். உட்காரக் கூடாது. புதிதாய் வருகிறவர் எல்லோரும் உட்காருவார்கள், உட்கார்ந்ததும் விழுவார்கள், பின்னால் வருகிறவரும் அவர் மேல் விழுவார். பக்கத்தில் நிற்பவர் உங்களைவிட ஒரு முழம் உயரமென்றால் கட்டை அவருக்கு முழங்காலிலும் உங்களுக்கு இடுப்பிலும் இருக்கும். அப்பாவும் ஏழு வயது மகளும் சேர்ந்து ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வாதையையெல்லாம் மீறி சுவிஸ்காரர்கள் ஊரோடு ஸ்கீ ஓடப் பழகினார்கள். அதற்கு ஒரு வினோதமான காரணம் இரண்டாம் உலகப் போர். நிலக்கரித் தட்டுப்பாடு. பாடசாலைகளைச் சூடேற்ற முடியாமல் குளிர்காலத்தில் ஒரு வாரம் மூடிவைத்தார்கள். பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று மலைக்கு அனுப்பினார்கள். போர் முடிந்தது, நிலக்கரி வந்தது, விடுமுறை மட்டும் போகவில்லை. இன்று பல மாநிலங்களில் பெப்ரவரியை ஒட்டி வரும் 'விளையாட்டு விடுமுறை'யின் பூர்வீகம் அதுதான். அதோடு வகுப்பே ஆசிரியரோடு மலைக்குப் போய் ஒரு வாரம் தங்கும் பாடசாலை முகாமும் சேர்ந்துகொண்டது.

தமிழர் வீடுகளுக்குள் ஸ்கீ நுழைந்தது அந்த முகாமின் வழியாகத்தான். 1980களில் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் ஏராளமானோர் உணவகச் சமையற்கட்டுகளில் வேலை செய்தார்கள். மலைக்கே வேலைக்குப் போனவர்களுக்கும் அந்த ஊர் என்பது கோப்பை கழுவும் தொட்டியும் உருளைக்கிழங்கு மூட்டையும்தான். சரிவு, ஜன்னலுக்கு வெளியே. பத்து வருஷம் கழித்துப் பிள்ளை ஒரு கடிதத்தோடு வீட்டுக்கு வரும். முகாமுக்குத் தேவையான சாமான்களின் பட்டியல்: பனிக்கண்ணாடி, நீர் புகாத கையுறை, நீளக் காலுள்ள உள்ளாடை, ஸ்கீ, சப்பாத்து, கம்பு. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவர் பிள்ளை மட்டும். அதனால் பட்டியல் கொஞ்சம் நீண்டும் போகும் என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்போது ஒப்புக்கொள்ளும் விஷயம். இலையுதிர்காலத்தில் ஊர் மண்டபத்தில் நடக்கும் பழைய ஸ்கீச் சாமான் சந்தையில் அப்பா அம்மாவும் நின்று, இது வலமா இடமா என்று தெரியாத சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வழியனுப்பும்போது எல்லா அம்மாக்களும் சொன்ன வாசகம் ஒன்றே: "ரெண்டு சோக்ஸ் போடு பிள்ளை, கால் விறைச்சுப் போகும்."

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பதை ஒட்டிய வயது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கணவன் ஸ்கீயைத் தொட்டதில்லை. இப்போது அவள்தான் குடும்பப் பயணத்தைத் திட்டமிடுகிறாள்.

முதலில் சுலபமாகிவிட்டதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்கத் தேவையில்லை; எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்கீயின் நீளம் பழகுபவருக்கு நாடி அளவு, அதற்குக் கொஞ்சம் குறைந்தாலும் நல்லது. 1990களில் இடுப்புச் சிறுத்து முனைகள் அகன்ற வளைவு ஸ்கீ வந்தது. சாய்ந்தால் தானே திரும்பும் பலகை அது. ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1993இல் கொண்டுவந்தது முன்னோடி. முன்பு வருஷக்கணக்கில் பழகிய திருப்பத்தை இப்போது ஒரு வாரத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழுந்தால் தானே விட்டுவிடும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓடும் திறமை ஆகியவற்றைக் கேட்டுக் கடைக்காரர் திருகாணியில் வைப்பார். 50 வயதைத் தாண்டியவருக்கு ஒரு படி இளக்கமாக வைப்பது விதி. எடையைக் கேட்கும்போது மானத்தைக் காக்க எட்டுக் கிலோவைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. பூட்டு முன்னதாகவே கழன்று, நேராக நிற்கும்போதே விழுந்து, அங்கே போகும் மானம்.

ஹெல்மெட் 1990களின் முகாம் படங்களில் அபூர்வம், கம்பளித் தொப்பிதான். இன்று சுவிஸ் சரிவுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அணிகிறார்கள். ஏறுவதற்கு, விமான நிலையத்தில் பெட்டி வரும் பட்டையைப் போல ஒரு நகரும் பட்டை. ஸ்கீயோடு அதன்மேல் நின்றால் மேலே கொண்டுபோய் விடும். பிள்ளைகள் அதை மந்திரக் கம்பளம் என்கிறார்கள். ஆஸ்திரியாவின் ஹான்னஸ் ஷ்னைடர் நூறு வருஷத்துக்கு முன் ஒழுங்குபடுத்திய கலப்பை நிலை, அதாவது முன்நுனிகளைச் சேர்த்துப் பின்னால் அகட்டி வேகத்தைக் குறைப்பது, மாறவில்லை. இன்று ஐந்து வயதுக் குழந்தைக்கு அதைப் 'பீட்ஸா' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள், கால்களை நேராக விட்டால் 'பொம்மஸ்', உருளைக்கிழங்குப் பொரியல். பீட்ஸா என்றால் நிற்கும், பொம்மஸ் என்றால் பறக்கும். கலப்பையைக் கண்டிராத குழந்தைக்கு இது நல்ல ஏற்பாடுதான்.

சோக்ஸ் விஷயத்தில் தலைமுறைத் தகராறு இன்னும் ஓயவில்லை.

"ரெண்டு போட்டால் சப்பாத்து இறுகி ரத்தம் ஓடாது அம்மா. அப்பதான் விறைக்கும். மெல்லிசாய், முழங்கால் வரைக்கும், ஒண்டே ஒண்டு."

"உன்னை ரெண்டு போட்டுத்தானே அனுப்பினனான்?"

"அதாலதான் சொல்லுறன்."

சரிவில் இருந்த கஷ்டமெல்லாம் இப்போது திட்டமிடும் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. முதல் சிக்கல் தேதி. விளையாட்டு விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சூரிச்சுக்கு ஒரு தேதி, பாசலுக்குத் திருவிழாவை ஒட்டி வேறொன்று. தன் பிள்ளைகளின் வாரம் மட்டுமல்ல, அண்டை மாநிலத்து வாரமும் தெரிந்தால்தான் கூட்டத்தைத் தவிர்க்கலாம். அடுத்தது விலை. முன்பு லிஃப்ட் சீட்டுக்கு ஒரே விலை, பலகையில் எழுதித் தொங்கும். இப்போது பல இடங்களில் விமானச் சீட்டு மாதிரி நாளுக்கு நாள் மாறும். முந்தி எடுத்தால் மலிவு. ஸாஸ்-ஃபே என்ற மலை ஊர் 2016இல் பருவம் முழுவதற்குமான சீட்டை 222 ஃபிராங்குக்கு அறிவித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது; அடுத்த வருஷமே பல மலைகளுக்குப் பொதுவான பருவச் சீட்டுகள் வந்தன. வருஷம் முழுக்க ஓடுபவருக்கு யோகம்தான். முதல்முறை வருபவர் தலையில் இவை எதையும் ஏற்றக் கூடாது என்பது என் கட்சி. அவருக்குப் பெரிய மலையின் சீட்டே வேண்டாம். முதல் இரண்டு நாளும் அவர் ஓடப்போவது பயிற்சிச் சரிவில் மட்டும். அதற்குத் தனியாக மலிவுச் சீட்டு பல ஊர்களில் உண்டு.

எங்கல்பெர்க் இதற்கு நல்ல உதாரணம். இந்தியச் சுற்றுலாக்காரர்களுக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் அதன் டிட்லிஸ் மலை தெரியும். 1992 முதல் ஓடும் சுழல் கேபிள் காரில் 3,000 மீட்டருக்கு மேல் ஏறி, ஷாருக்–காஜோல் அட்டைப் படத்தோடு நின்று படம் எடுத்து, ஒரு கைப்பிடிப் பனியை எறிந்துவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்கள். அந்த மலையின் சரிவுகள் பல கைதேர்ந்தவர்களுக்கானவை. அங்கே ஆழ்பனியில் ஓட உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். புதியவர் மேலே ஏறிவிட்டால் இறங்க வழியில்லாமல் நிற்பார். அவருக்கான இடம் எதிர்ப்பக்கம், அதே மடத்துக்குப் பின்னால் உள்ள க்ளோஸ்டர்மட்டே புல்வெளி. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 2010இல் புதிய சுரங்கம் திறந்தபின் லூசர்னிலிருந்து ரயில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

எல்லாம் சரி, பனி? புல்வெளி இருப்பது கிராம மட்டத்தில். சுவிஸில் 800 மீட்டருக்குக் கீழே பனி கிடக்கும் நாட்கள் 1970இலிருந்து ஏறத்தாழப் பாதியாகிவிட்டன. குறைந்தது 100 நாள் 30 சென்டிமீட்டர் பனி கிடந்தால்தான் ஒரு ஸ்கீ இடம் நம்பகமானது என்பது பழைய கணக்கு. ஒரு டிகிரி சூடு கூடினால் அந்த நம்பகக் கோடு 150 மீட்டர் மேலே நகரும் என்று 2007இல் ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் அறிக்கை சொன்னது. கோடு நகரும்போது முதலில் வெளியே விழுவது யார்? மேலே 3,000 மீட்டரில் ஓடும் வல்லவர் அல்ல. அவருக்குப் பனி இருக்கிறது. பழகுபவரின் சரிவுதான் எங்குமே கீழே, கிராமத்தை ஒட்டி, சாய்வு குறைந்த இடத்தில் இருக்கிறது. மலிவானதும் அதுதான். சமவெளி ஓரத்துக் குன்றுகளில், ஊர்ச் சங்கம் ஒற்றை இழுவை லிஃப்டை வைத்து நடத்திய சின்னச் சரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. அந்த இடத்தில்தான் ஒரு புதன்கிழமைப் பிற்பகலில், சில ஃபிராங்கோடு, பிள்ளைகள் பழகினார்கள். டிட்லிஸின் சுழல் கேபிள் கார் அதற்கு மாற்றாகாது.

பனி இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். நாட்டின் சரிவுகளில் பாதிக்கும் மேல் இன்று அந்த வசதி உண்டு. ஆனால் இயந்திரத்துக்கும் குளிர் வேண்டும். சூடான வாரத்தில் அதுவும் கைவிரிக்கும். பாடசாலைகளும் முகாமைக் குறைத்துக்கொண்டே வந்தன. 2014இல் அரசும் ஸ்கீத் துறையும் சேர்ந்து கோஸ்னோ என்ற முயற்சியைத் தொடங்கி, தங்குமிடம், சாமான், பாடம் எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டிய நிலை. ஒரு காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளை மலையேற்றிய அந்தக் கடிதம் இன்று தானாக வீட்டுக்கு வருவதில்லை.

ஆகவே மேசையில் உட்கார்ந்து அவள் இரண்டு திட்டம் போட்டுக்கொள்கிறாள். கிராமத்தில் பனி இருந்தால் க்ளோஸ்டர்மட்டே. இல்லையென்றால் 1,260 மீட்டரில் கெர்ஷ்னியால்ப் மேட்டில் உள்ள சாய்வு குறைந்த சரிவுகள். அங்கே ஏற்றிச் செல்வது 1913இல் கட்டிய கம்பிவட ரயில். அறையை ரத்து செய்யும் வசதியோடு பதிந்துகொள்கிறாள். பிள்ளைகளுக்குக் குழு வகுப்பு, காலையில். கணவனுக்கும் வகுப்பு. அவருக்கு அது பிடிக்கவில்லை. நீ சொல்லிக்கொடு என்கிறார். கட்டிய மனைவியிடம் ஸ்கீ பழகுவதைப் போல மணவாழ்வைச் சோதிப்பது வேறில்லை, ஆசிரியருக்குக் கொடுக்கும் காசு மிச்சம் பிடிக்கக்கூடிய காசு அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் தம்பி குடும்பத்துக்குச் சரிவு மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்கிய காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டு எழுத வேண்டும். பலருடைய பயணக் காப்புறுதியில் ஸ்கீ விலக்கு.

மதியச் சாப்பாட்டுக்கு மலை உணவகத்தில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு நாள் லிஃப்ட் காசு போகும். அதற்கு மட்டும் திட்டம் பழையதுதான்: மீன் ரோல்ஸ், பிளாஸ்கில் தேத்தண்ணி. எண்பதுகளில் இப்படியொரு உணவகத்தின் பின்கட்டில் உருளைக்கிழங்கு உரித்த அம்மப்பா, கெர்ஷ்னியால்பிலிருந்து கிராமம் வரை இறங்கும் ஸ்லெட்ஜ் பாதையில் தனக்கும் ஒன்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மம்மா அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து அவருடைய முழங்கால் வலி மாத்திரைகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறா.