சிவப்பா, நீலமா? பழைய டிராக்டர் வாங்குமுன்...

ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிப் பிழைக்கலாம் என்று உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறதா? நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பணம் ஒரு முறைதான் வரும். முன்பணம் கொடுக்குமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

சிவப்பு மெஸ்ஸி பெர்குசன் 135, நீலப் போர்டு 5000 இரண்டும் 1964ஆம் ஆண்டில் அறிமுகமானவை. 135க்கு மூன்று சிலிண்டர், சுமார் 45 குதிரைச் சக்தி, ஒன்றரை டன் எடை. போர்டுக்கு நான்கு சிலிண்டர். முதலில் 65 குதிரைச் சக்தி, 1968க்குப் பிறகு 75. எடையும் அதிகம்.

பெரியதே நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். ஆசாகான் பக்கம், லேடாங் மலையடிவாரச் சரிவுகளில் வேலை என்றால் கனமான போர்டுதான் நல்லது. இறக்கத்தில் குலை நிறைந்த டிரெய்லர், இலேசான டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். சமதரையும் குறுகிய பாதையும் உள்ள சிறுதோட்டமாயின், என் மனம் 135 பக்கமே சாய்கிறது. எண்ணெய்ச் செலவு குறைவு. அதன் பெர்கின்ஸ் எஞ்சினில் தேய்ந்த லைனரை மாற்றிவிடலாம். போர்டில் லைனர் கிடையாது. தேய்ந்தால் பட்டறையில் சிலிண்டரையே கடைய வேண்டும். மேலும், சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனம் மெஸ்ஸி பெர்குசன் வகை டிராக்டர்களையே செய்து பெயர் பெற்றது.

இனி, வண்டியைப் பார்க்கப் போகும்போது புதுச் சாயத்தில் மயங்காதீர்கள். முதலில் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே யாரோ சிரமப்பட்டுக் கிளப்பி வைத்திருக்கக்கூடும். நாளை விடியற்காலையில் வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடுங்கள். எண்ணெய்க் கம்பியை உருவிப் பாருங்கள். தே தாரிக் நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். பாரத்தை ஏற்றி மேட்டில் ஓட்டச் சொல்லுங்கள். கியர் தானாக நழுவினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

ஒன்றை வீட்டுப் பெண்களும் நினைவில் வையுங்கள். டிரெய்லரைத் தாழ்ந்த கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பின்னச்சுக்கு மேலே மாட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். இருக்கைக்குமேல் பாதுகாப்புச் சட்டம் இல்லையென்றால், அதைப் பொருத்தும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள்ளேயே காலம் தள்ளிய வண்டிக்குப் பதிவு இல்லாமல் இருக்கலாம். பொதுச்சாலையில் ஏற வேண்டுமானால் பதிவும் சாலை வரியும் வேண்டும். சேசிஸ் எண்ணைக் கிராண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகவேண்டாம்.