இயங்குதள மாற்றமும் அதன் விலையும்

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளன. தையற்கூடங்களிலும் தோல் பட்டறைகளிலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புவோர், ஓய்வூதியம் பெறுவோர், மாதச் சம்பளக்காரர் எனப் பலதரப்பட்ட மக்கள், அவர்களுள் தமிழரும் கணிசமானோர், இங்கு வாழ்கின்றனர். இவர்கள் அனைவருக்கும் பொதுவானதொரு வசதி ஏ.டி.எம். எனப்படும் பணம் வழங்கும் இயந்திரமாகும். அந்தப் பெட்டியினுள் இருப்பது அலுவலக மேசை மீதுள்ளதைப் போன்ற ஒரு கணிப்பொறியே என்பதும், அதற்கும் வயதாகும் என்பதும் பலர் அறியாதவை. அந்தக் கணிப்பொறியின் அடிப்படை மென்பொருளை மாற்ற இந்திய வங்கித்துறை 2017 முதல் 2019 வரை பட்ட பாடு, ஒவ்வோர் அலுவலகமும் ஆராயத்தக்கது.

கணிப்பொறியின் உறுப்புகளை இயக்கி, அவற்றின்மேல் பிற மென்பொருள்கள் இயங்க இடம் தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. கணக்கு எழுதும் மென்பொருளோ கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளோ அச்சுப்பொறியுடன் நேரடியாகப் பேசுவதில்லை, இயங்குதளத்திடம் சொல்கிறது, இயங்குதளம் அந்தந்தக் கருவிக்குரிய இயக்கி என்னும் சிறு மென்பொருளின் வாயிலாக வேலையை முடிக்கிறது. ஆகவே அடித்தளம் மாறும்போது, அதன்மேல் நிற்பவை அனைத்தும் மீண்டும் பொருந்துகின்றனவா என்ற கேள்வி எழுகிறது. மாற்றத்துக்குப் பின் அலுவலகங்களில் எழும் தொல்லைகளுள் பெரும்பாலானவை புதிய இயங்குதளத்தின் குறைகள் அல்ல. பழைய துணை மென்பொருள்கள் அதனோடு ஒட்டாமையால் விளைபவை.

எக்ஸ்.பி.யின் நீண்ட வாழ்வு

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் எக்ஸ்.பி. 2001 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் பொதுவில் நிறுத்தப்பட்டன. மறுநாள் காலையில் எந்த இயந்திரமும் நின்றுவிடவில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. பாலம் இடிந்தால் கண்ணுக்குத் தெரியும்; திருத்தம் நின்றுபோன மென்பொருள் நேற்றுப் போலவே இன்றும் வேலை செய்யும். செலவைத் தள்ளிப்போட இதைவிட வசதியான சூழ்நிலை வேறில்லை.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளை முடக்கியது. பிரிட்டனின் தேசிய மருத்துவப் பணி அமைப்பு மிகவும் பாதிக்கப்பட்டது. பழைய எக்ஸ்.பி.தான் இதற்குக் காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. பின்னர் ஆய்ந்தபோது, தாக்குண்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கொண்டவை எனத் தெரியவந்தது. அவற்றுக்கான திருத்தம் அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது, பொருத்தப்படவில்லை. புதிய தளத்தை வாங்கியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவோருக்கு இச்செய்தி உவப்பானதன்று.

ரிசர்வ் வங்கியின் கால அட்டவணை

எக்ஸ்.பி.யிலும் ஆதரவு முடிந்த பிற தளங்களிலும் இயங்கும் ஏ.டி.எம்.கள் குறித்து மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி 2017 ஏப்ரலில் வங்கிகளுக்கு மறைமுகச் சுற்றறிக்கை அனுப்பியது. ஓராண்டுக்கு மேலாகியும் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. எனவே 2018 ஜூன் 21 அன்று வெளிப்படையான சுற்றறிக்கை ஒன்றைப் பிறப்பித்து, கெடு விதித்தது. 2018 செப்டம்பருக்குள் இயந்திரங்களில் குறைந்தது 25 சதவீதமும், டிசம்பருக்குள் 50 சதவீதமும், 2019 மார்ச்சுக்குள் 75 சதவீதமும், ஜூன் மாதத்துக்குள் அனைத்தும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற வேண்டும். வங்கிகள் தம் இயக்குநர் குழுவின் ஒப்புதல் பெற்ற செயல்திட்டத்தை ஜூலை இறுதிக்குள் அளிக்கவும் பணிக்கப்பட்டது. வங்கியல்லாத நிறுவனங்கள் நடத்தும் ஏ.டி.எம்.களுக்கும் இவ்வாணை பொருந்தியது.

இவ்வேலை ஏன் இத்துணைக் கடினமானது? அலுவலகக் கணிப்பொறியில் புதிய தளத்தை ஏற்றுவதற்கும் ஏ.டி.எம்.மில் ஏற்றுவதற்கும் வேறுபாடு உண்டு. அட்டையைப் படிக்கும் கருவி, நோட்டுகளை எண்ணித் தள்ளும் கருவி, இரகசிய எண்ணைப் பெறும் விசைப்பலகை, சீட்டு அச்சிடும் கருவி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி இயக்கி தேவை. வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்களை ஒரே விதமாக இயக்குவதற்கென எக்ஸ்.எப்.எஸ். என்னும் இடைநிலைத் தரம் உள்ளது. நடைமுறையிலோ ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தன் சாயலை ஏற்றியிருக்கும். பழைய இயந்திரம் சிலவற்றின் மையச் செயலியும் நினைவகமும் புதிய தளத்தைத் தாங்கும் வலிமை அற்றவை. அங்கே மென்பொருளுடன் கணிப்பொறிப் பகுதியையே மாற்ற நேரும். மாற்றிய பின் வங்கியின் மையக் கணிப்பொறியுடன் ஒவ்வொரு வகைப் பரிமாற்றத்தையும் சோதித்துச் சான்று பெற வேண்டும். இயந்திரங்களோ நாடெங்கும் சிதறிக் கிடப்பவை. தாராவியின் நெரிசல் மிக்க சாலையில் உள்ளதற்கும் ஒரு தொழில்நுட்பர் நேரில் சென்றாக வேண்டும். மாவட்டத் தலைநகரிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிற்றூரில் உள்ளதற்கும் அவரே சென்றாக வேண்டும்.

யார் செலவு செய்வது?

தொழில்நுட்பச் சிக்கலைவிடச் சிக்கலானது இதுவே. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் பணம் எடுத்தால், அட்டை வழங்கிய வங்கி அந்நிறுவனத்துக்குப் பரிமாற்றக் கட்டணம் தருகிறது. இது 2012 ஆகஸ்டு முதல் ரூ.15 ஆக இருந்தது. இதற்கிடையில் 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் வந்தது. புதிய அளவிலான நோட்டுகளுக்கேற்ப ஒவ்வோர் இயந்திரத்தையும் திருத்த வேண்டியதாயிற்று. அதன்பின் இயங்குதள மாற்றம்; பணப்பெட்டிகளை எடுத்துச் செல்வது பற்றிய புதிய விதிகள். செலவு ஏறிக்கொண்டே போக, வருவாய் ரூ.15இலேயே நின்றது.

2018 நவம்பரில் ஏ.டி.எம். தொழில் கூட்டமைப்பு ஓர் எச்சரிக்கை விடுத்தது. நாட்டிலுள்ள சுமார் 2,38,000 இயந்திரங்களில் ஏறத்தாழப் பாதியை 2019 மார்ச்சுக்குள் மூட வேண்டி வரலாம் என்றும், புதிய விதிகளின் செலவைத் தாங்க இயலாது என்றும் அது கூறியது. தொழில் கூட்டமைப்புகளின் எச்சரிக்கைகளைச் சற்றுக் கழித்தே மதிப்பிட வேண்டும். உண்மையில் அத்தகைய மூடல் நிகழவில்லை. எண்ணிக்கை இரண்டு இலட்சத்துக்கு மேலாகவே நீடித்தது. எனினும் அவர்களது கணக்கின் அடிப்படை தவறானதன்று. பாதுகாப்பின் பயன் வங்கித்துறை முழுமைக்கும், பொதுமக்களுக்கும் சேர்கிறது. செலவு மட்டும் இயந்திரம் நடத்துபவரின் தலையில் விழுகிறது. பயனும் செலவும் வெவ்வேறு இடங்களில் சேரும்போது முதலீடு தாமதமாகும் என்பது பொருளியல் மாணவர் அறிந்ததே. பரிமாற்றக் கட்டணம் 2021 ஆகஸ்டில் ரூ.17 ஆகவும், 2025 மே மாதத்தில் ரூ.19 ஆகவும் உயர்த்தப்பட்டது. ரிசர்வ் வங்கியின் கெடு முடிந்து ஈராண்டுக்குப் பின்னரே முதல் உயர்வு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. எக்ஸ்.பி.யைக் கைவிடக் கடைசி மாதம் 2019 ஜூன். விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிவுற்றது. அரும்பாடுபட்டு எக்ஸ்.பி.யிலிருந்து 7க்கு மாறியவர்கள் அடுத்த மாற்றத்துக்கு ஏழு மாதமே அவகாசம் பெற்றனர். பத்தாண்டுகள் வரை ஆதரவு தரும் நீண்டகாலப் பதிப்புகள் இத்தகைய தனிப்பயன் இயந்திரங்களுக்கென்றே விற்கப்படுகின்றன. எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் கோப்பில் விலையோடு ஆதரவு முடியும் நாளையும் ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் பல இலட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும்.

சிறிய அலுவலகங்களின் நிலை

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கெடு விதித்தது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ நான்கு கணிப்பொறிகளுடன் நடக்கும் ஒரு கணக்காளர் அலுவலகத்துக்கு அவ்வாறு சொல்வார் இல்லை. அங்கே மாற்றம் பெரும்பாலும் பழைய இயந்திரம் பழுதடைந்து, புதியது வாங்கும் நாளில் தானாகவே வந்து சேர்கிறது. டாஸ் காலத்தில் எழுதப்பட்ட 16 பிட் கணக்கு மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் இயங்கமாட்டா. இணையான முனை கொண்ட பழைய ஊசி அச்சுப்பொறிக்குப் புதிய கணிப்பொறியில் துளையே இராது. மின்னணுக் கையொப்பச் சாவியின் இயக்கி புதிய தளத்துக்கு ஏற்ற பதிப்பாக இல்லையேல், வரிப்படிவம் தயாராக இருந்தும் ஒப்பமிட இயலாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியையே நம்பிக் கட்டப்பட்ட அலுவலக மென்பொருள்கள் 2022 ஜூனில் அவ்வுலாவி ஓய்வு பெற்றபோது தடுமாறின.

தமிழில் பணிபுரியும் அலுவலகங்களுக்குக் கூடுதலாக ஒரு சுமை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென எழுத்துருவும் குறியீடும் வைத்திருந்த காலத்தில் தட்டச்சு செய்த கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தோன்றும். தமிழ்நாடு அரசு 1999இல் பொதுக் குறியீடுகளையும் விசைப்பலகையையும் அறிவித்தது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் முந்தைய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் இயங்கி வந்துள்ள மும்பை போன்ற நகரில், பழைய வினாத்தாளும் உறுப்பினர் பட்டியலும் படிக்கக் கிடைக்காமற் போவது சிறு இழப்பன்று. மாற்றத்துக்கு முன்பே, பழைய எழுத்துரு இன்னும் உயிரோடுள்ள கணிப்பொறியில் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, எழுத்துப் பிழை பார்த்துச் சேமிப்பதே எளிது.

சமாளிக்கும் முறை

முதல் வேலை பட்டியல் எடுப்பது. எந்தக் கணிப்பொறியில் எந்தத் தளம், எந்தெந்த மென்பொருள், எந்தக் கருவி, யார் எதைப் பயன்படுத்துகிறார் என்பதை எழுத வேண்டும். ஆண்டுக்கொரு முறை, மார்ச் இறுதியில் மட்டும் திறக்கப்படும் மென்பொருளே பட்டியலில் விடுபடும். தொல்லையும் அதிலிருந்தே வரும். அடுத்து, ஒரேயொரு இருக்கையில் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த இருக்கை அலுவலகத்தில் அதிக வேலை நடக்கும் இருக்கையாகவே இருத்தல் நன்று. ஓய்வாக இருக்கும் கணிப்பொறியில் எல்லாம் சரியாகவே நடக்கும். பொருள் மற்றும் சேவை வரிப் படிவத்துக்குரிய 20ஆம் தேதியை ஒட்டியோ, ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்திலோ இதைத் தொடங்கலாகாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் மேம்படுத்திய பின் பழைய தளத்துக்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள் மட்டுமே அவகாசம். அதற்குள் எல்லா வேலைகளையும் ஒரு முறையேனும் செய்து பார்த்துவிட வேண்டும். மாற்றவே இயலாத பழைய மென்பொருள் இருந்தால், ஒரு பழைய கணிப்பொறியை இணையத் தொடர்பு அறுத்து அதற்கென ஒதுக்கலாம். அழகான தீர்வு அன்று. ஆனால் வேலை நடக்கும்.

படிப்படியாக மாற்றுவதன் அருமையை 2024 ஜூலை 19 உலகுக்கு உணர்த்தியது. அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கான பிழையான திருத்தம் ஒன்று ஒரே வீச்சில் அனுப்பப்பட்டு, மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகளை நிறுத்தியது. மும்பை உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகளைப் பதிவு செய்யும் பணியைக் கையால் செய்ய நேர்ந்தது. இந்திய நிதித்துறையிலோ பத்து வங்கிகளும் வங்கியல்லா நிதி நிறுவனங்களும் மட்டுமே சிறிய அளவில் தடைபட்டதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது.

அரசு அலுவலகங்களில் கணிப்பொறி வாங்குவதற்கு நிதி கிடைக்கிறது. பழுது பார்க்க ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இயங்குதளத்தை மாற்றி, சோதித்து, ஊழியரைப் பழக்கும் செலவுக்குப் பெரும்பாலும் தலைப்பே இல்லை. அது அவசரச் செலவாகவே தலைகாட்டுகிறது. அவசரத்தின் விலை எவ்வளவு என்பதற்கு விண்டோஸ் 10 ஓர் அளவுகோல். அதன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மாறாத நிறுவனங்கள் மேலும் மூன்றாண்டு திருத்தங்களை விலைக்குப் பெறலாம். மைக்ரோசாப்ட் அறிவித்த விலை, கணிப்பொறி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர். ஒவ்வோர் ஆண்டும் அது இரட்டிப்பாகும். இரண்டாம் ஆண்டில் சேர விரும்புவோர் முதலாண்டுக்கும் சேர்த்தே செலுத்த வேண்டும்.