கடலில் கோடு போட்டார்கள்... சபையில் கேட்கவில்லை!

உச்சிப்புளியில் பிரதான சாலையை விட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் சிறிது நேரத்தில் புதுமடம் வந்துவிடும். பள்ளிவாசல், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகள், தென்னை, பிறகு மணல், பிறகு கடல். இந்தப் பகுதி மக்கள் தங்கள் இரண்டு கடல்களையும் ஆண், பெண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வடக்கே பாக் விரிகுடா, அலை அடங்கிய பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். புதுமடத்துப் படகுகள் நிற்பது ஆண் கடலில்.

கச்சத்தீவு என்றதும் எல்லோருக்கும் ராமேஸ்வரமும் வடகடலும்தான் நினைவுக்கு வரும். தென்கடலைப் பார்த்து நிற்கும் புதுமடத்துக்கு அதில் என்ன சம்பந்தம்? இருக்கிறது. 1974-ல் வடகடலில் ஒரு கோடு போட்டார்கள். 21 மாதம் கழித்து, 1976-ல் தென்கடலிலும் ஒரு கோடு. இரண்டும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். இரண்டில் எதையும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கென்று அரசு கொண்டுவந்து வைக்கவில்லை.

கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்று 50 வருடமாகப் பேசியாகிவிட்டது. ‘எங்களிடம் ஏன் கேட்கவில்லை?’ என்று அன்றைக்கு மக்களவையில் எழுந்து நின்றவர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தேர்தல் வந்தால் தீவைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறோம். தேர்தல் முடிந்ததும் தீவு தண்ணீருக்குள் போய்விடுகிறது!

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள்

ஒப்பந்தத்தில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் கையெழுத்திட்டனர். கொழும்பில் 1974 ஜூன் 26-ம் தேதி ஒரு கையெழுத்து. டெல்லியில் ஜூன் 28-ம் தேதி இன்னொன்று. ஜூலை 8-ம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்துவிட்டது. மக்களவையின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது ஜூலை 22-ல்தான். மறுநாள், ஜூலை 23-ம் தேதி, வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் சபையில் ஓர் அறிக்கை வாசித்தார். அதாவது, கல்யாணம் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் பெண் வீட்டாருக்குப் பத்திரிகை வந்தது.

அன்றைக்கு எழுந்து நின்றவர்களில் ஒருவர் தி.மு.க-வின் இரா.செழியன். இன்னொருவர் ராமநாதபுரம் தொகுதி உறுப்பினர், ஃபார்வர்டு பிளாக்கின் பி.கே.மூக்கையா தேவர். புதுமடம் அவருடைய தொகுதிக்குள்தான் இருந்தது. மூன்றாமவர் முஸ்லிம் லீக்கின் எஸ்.எம்.முகமது ஷெரீப். அப்போது பெரியகுளம் உறுப்பினர் என்றாலும், 1967 முதல் 1971 வரை ராமநாதபுரத்தின் எம்.பி-யாக இருந்தவர் அவர். ஆக, அந்தக் கடற்கரையின் அப்போதைய எம்.பி, முந்தைய எம்.பி இருவருமே சபையில் இருந்தார்கள். இருவருமே எதிர்த்தார்கள். வாஜ்பாய், மது லிமாயே போன்ற வடநாட்டுத் தலைவர்களும் சேர்ந்துகொண்டனர். கூச்சல், கண்டனம், வெளிநடப்பு எல்லாம் நடந்தன. ஓட்டெடுப்பு மட்டும் நடக்கவில்லை. ஓட்டுப் போட அங்கே எதுவும் இல்லையே! முடிந்த காரியத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஒரு தற்செயல் ஒற்றுமை. அதே வாரத்தில் உலகின் மறுபுறமும் ஓர் அரசு தன்னிடம் கேட்டதைக் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தது. வாட்டர்கேட் விவகாரத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனிடம் ஒலிநாடாக்களைக் கேட்டு நாடாளுமன்றக் குழு ‘சப்பீனா’ எனப்படும் சம்மன் அனுப்பியிருந்தது. அவர் வெட்டி ஒட்டிய எழுத்துப் பிரதியைத்தான் கொடுத்தார். தனி அரசு வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், நாடாக்களைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஜூலை 24-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்மனை மதிக்காததையே ஒரு தனிக் குற்றச்சாட்டாக ஜூலை 30-ம் தேதி அந்தக் குழு நிறைவேற்றியது. ஆகஸ்ட் 9-ம் தேதி நிக்சன் பதவியை விட்டே போனார். இங்கே ஆகஸ்ட் 21-ம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் கச்சத்தீவு பற்றித் தீர்மானம் போட்டார்கள். டெல்லியில் எதுவும் அசையவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

‘நாட்டின் நிலத்தைக் கொடுக்க நாடாளுமன்றம் தேவையில்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். தேவை. மேற்கு வங்கத்தின் பெருபாரி பகுதியில் பாதியை அன்றைய கிழக்கு பாகிஸ்தானுக்குத் தர நேரு அரசு ஒப்புக்கொண்டபோது, அரசியல் சட்டத்தைத் திருத்தாமல் நிலத்தைக் கொடுக்க முடியாது என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் கருத்து சொன்னது. அதே வருடம் 9-வது திருத்தம் வந்தது. பிற்காலத்தில் பங்களாதேஷுடன் எல்லை நிலங்களை மாற்றிக்கொண்டபோதும் 2015-ல் 100-வது திருத்தம் செய்துதான் கொடுத்தார்கள்.

அப்படியானால் கச்சத்தீவுக்கு மட்டும் ஏன் இல்லை? அரசின் பதில் மிகச் சுருக்கமானது: ‘நாங்கள் எதையும் கொடுக்கவில்லை. யாருடையது என்று தகராறில் இருந்த இடத்தில் எல்லையை முடிவுசெய்தோம்.’ கட்ச் எல்லை வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றம், தகராறில் உள்ள எல்லையைத் தீர்த்துக்கொள்ள அரசியல் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் தீவு வெளியே போனது. ‘கொடுத்தோம்’ என்றால் சபையைக் கேட்க வேண்டும். ‘தீர்த்துக்கொண்டோம்’ என்றால் வேண்டாம். ஒரு சொல்லில்தான் இவ்வளவும்.

ராமநாதபுரத்துக்காரர்கள் இதை ஏற்பதில்லை. சேதுபதிகளின் ஜமீன் கணக்கில் அந்தத் தீவு இருந்தது என்பதும், சாயவேர் எடுக்கக் குத்தகைக்கு விடப்பட்டது என்பதும் அவர்கள் வாதம். அந்தப் பத்திரங்களை ஒரு நாடாளுமன்றக் குழு முன்னால் வைத்து, அதிகாரிகளை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டிருக்கலாம். முடிவு அதுவேகூட ஆகியிருக்கலாம். ஆனால் மீனவருக்கு என்ன கிடைக்கும், என்ன போகும் என்று முன்கூட்டியே யாராவது எழுதிவைத்திருப்பார்கள்.

தென்கடலின் கோடு

1974 ஒப்பந்தத்திலாவது ஓர் ஆறுதல் இருந்தது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் விசா இல்லாமல் வழக்கம்போல் கச்சத்தீவுக்குப் போய் வரலாம் என்று 5-வது பிரிவு சொல்கிறது. இரு நாட்டுப் படகுகளும் அடுத்தவர் கடலில் காலங்காலமாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்பது 6-வது பிரிவு. புனித அந்தோணியார் திருவிழாவுக்கு இன்றும் ராமேஸ்வரத்திலிருந்து பக்தர்கள் படகில் போவது இதன் மிச்சம்தான்.

1976 மார்ச் 23-ம் தேதி வந்தது வேறு மாதிரி. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை போடும் ஒப்பந்தம் அது. அதோடு சேர்த்து இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்பதை எழுதியது அந்தக் கடிதம்தான். பதிலுக்குக் கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் கரை என்ற வளமான மீன்பிடித் திட்டு இந்தியாவுக்கு உறுதியானது. நல்ல பேரம் என்று சொல்பவர்களும் உண்டு. இருக்கலாம். குமரிக்கு வந்ததைக் காட்டி ராமநாதபுரத்தின் கணக்கை முடிக்கலாமா என்பதைச் சபைதானே பேசியிருக்க வேண்டும்?

பேச யார் இருந்தார்கள்? அது நெருக்கடி நிலைக் காலம். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். ஜனவரி 31-ம் தேதியே தமிழ்நாட்டில் தி.மு.க அரசு கலைக்கப்பட்டுவிட்டதால் சட்டமன்றமும் இல்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. புதுமடத்துக் கடலில் விழுந்த கோட்டைப் பற்றி வாய் திறக்க வேண்டிய சபைகளில் ஒன்று ஊமையாகவும் மற்றது இல்லாமலும் இருந்தது.

கடந்த 20 ஆண்டுகளில் இலங்கை பிடித்துவைத்த இந்திய மீனவர்கள் 6,184 பேர், பறிமுதலான படகுகள் 1,175 என்று 2024 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இழுவைமடிப் படகுகள் அக்கரைத் தமிழ் மீனவர்களின் வலையையும் வயிற்றையும் கிழிப்பதை நாம் மறைக்கக் கூடாது.

கேள்விக்குப் பதில் தேடினாலே குற்றமா?

அதே காலத்தில் நடந்த இன்னொரு கதை, கேள்வியை அரசுகள் எப்படிப் பார்க்கும் என்பதற்கு. சஞ்சய் காந்தியின் மாருதி நிறுவனத்தைப் பற்றி மக்களவையில் உறுப்பினர்கள் கேள்வி கேட்டிருந்தார்கள். பதில் தயாரிக்க விவரம் திரட்டப் போனார்கள் நான்கு அதிகாரிகள். தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். அவர்கள் மீதே வழக்குகள் பாய்ந்தன. ஆட்சி மாறிய பிறகு உரிமைக் குழு விசாரித்தது. அந்த அதிகாரிகளைத் தடுத்து, மிரட்டி, அலைக்கழித்ததற்கு இந்திரா காந்தி பொறுப்பு என்று முடிவுசெய்தது. 1978 டிசம்பர் 19-ம் தேதி மக்களவை அவரது உறுப்பினர் பதவியைப் பறித்து, கூட்டத்தொடர் முடியும்வரை சிறைக்கு அனுப்பியது. ஒரு வாரம் திகார். இந்தியச் சபை தன் உரிமைக்காக அவ்வளவு தூரம் போனது அபூர்வம். அதுவும் நிலைக்கவில்லை. அவர் மீண்டும் பிரதமரான பின், 1981 மே மாதம் புதிய மக்களவை அந்த முடிவையே ரத்துசெய்தது. பழிவாங்கல் என்று ஒரு தரப்பும் நியாயம் என்று இன்னொரு தரப்பும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நான்கு அதிகாரிகளை யாரும் நினைப்பதில்லை.

இன்றைய விதிகளிலும் அரசுக்கு ஓட்டைகள் உண்டு. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்க நாடாளுமன்றக் குழுக்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ பாதகம் என்று சொல்லி ஓர் ஆவணத்தைத் தர அரசு மறுக்கலாம் என்று மக்களவை விதி 270 சொல்கிறது. பொதுக் கணக்குக் குழு அமைச்சரை அழைக்க முடியாது. அதிகாரிதான் வருவார். ‘தகவல் திரட்டப்படுகிறது’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்று சபையில் அமைச்சர் சொன்னால் அது வாக்குறுதியாகக் குறித்துக்கொள்ளப்படும். 3 மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே ஒரு குழு இருக்கிறது. 3 மாதம் என்பது பல நேரங்களில் வருடங்களாக நீள்வதும் அந்தக் குழுவின் அறிக்கைகளிலேயே தெரியும்!

பத்து ரூபாய்க்குக் கிடைத்தது

சபைக்குக் கிடைக்காதது கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. 2015 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் கொடுத்த பதிலில், அந்தப் பகுதியில் எல்லையே வரையறுக்கப்படாததால் இந்திய நிலம் எதுவும் கொடுக்கவோ பெறவோ படவில்லை என்று இருந்தது. 2024 மார்ச் மாதம், மக்களவைத் தேர்தல் நேரத்தில், பா.ஜ.க-வின் அண்ணாமலை கேட்டுப் பெற்ற பழைய ஆவணங்கள் வெளியாகின. தீவின் மீது இந்தியாவுக்கு வலுவான உரிமை உண்டு என்று அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட் கருதியது அவற்றில் இருந்தது. கையெழுத்துக்கு முன்பே, 1974 ஜூனில், வெளியுறவுச் செயலர் கேவல் சிங் சென்னைக்கு வந்து முதல்வர் கருணாநிதியிடம் விஷயத்தைச் சொன்னதும் இருந்தது. தாங்கள் எதிர்த்தே வந்தோம் என்கிறது தி.மு.க. காங்கிரஸ்தான் கொடுத்தது என்கிறது பா.ஜ.க. 2015 பதில் உங்கள் ஆட்சியில் வந்ததுதானே என்கிறது காங்கிரஸ்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. செதல்வாட்டின் கருத்து 1974 ஜூலை 23-ம் தேதி மூக்கையா தேவரின் கையில் இருந்திருக்க வேண்டிய காகிதம். அது வெளியே வர 50 வருடம் ஆனது. அதற்குள் ஜெயலலிதா 2008-ல் உச்ச நீதிமன்றம் போனார். கருணாநிதி 2013-ல் போனார். தீவை மீட்க வேண்டுமானால் போர்தான் தொடுக்க வேண்டும் என்று 2014-ல் அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி அங்கே சொன்னார். 2025 ஏப்ரல் 2-ம் தேதி, தீவை மீட்கக் கோரி சட்டமன்றத்தில் மீண்டும் ஒரு தீர்மானம் நிறைவேறியது.

அந்த ஜூலை 23-ம் தேதி விவாதம் நாடாளுமன்றத்தின் மின்னூலகத்தில் இருக்கிறது. செல்போனிலேயே படிக்கலாம். கேட்டவர்களின் கேள்விகள் முழுதாக அச்சாகியிருக்கின்றன. ராமநாதபுரம் தொகுதியின் பெயரும் இருக்கிறது. புதுமடத்துப் பிள்ளைகள் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.